மஞ்சளடித்த ஜெல்லும் பழி சுமக்கும் திக்கனரும்

வீட்டோடு ஒட்டிய ஷெட்டிலோ மாடியிலோ ஷாம்பு, ஜெல், சீரம் தயாரித்து விற்கிறவர்களுக்கு ஃபார்முலா சரிபார்த்துக் கொடுப்பது என் பிழைப்பு. அடிக்கடி வரும் புகார், கண்ணாடி போலத் தெளிவாக இருக்கவேண்டிய ஜெல் மஞ்சளடிக்கிறது என்பதுதான். புகார் சொல்கிறவர் பெரும்பாலும் குற்றவாளியையும் கையோடு பிடித்துக்கொண்டு வந்துவிடுவார். சாந்தன் கம் சரியில்லை என்பார், அல்லது கார்போமர் டூப்ளிகேட் என்பார். அவர் சந்தேகப்படுவதில் ஒரு நியாயம் இருக்கிறது. இரண்டுமே திக்கனர், அதாவது தண்ணீரைக் கெட்டியாக்கும் பொருள். அது விழும் வரை பாத்திரத்தில் இருப்பது தண்ணீர், விழுந்த பிறகுதான் ஜெல். கண்ணுக்குத் தெரிகிற பெரிய மாற்றம் எதனால் வந்ததோ, நிறமும் அதனால்தான் வந்தது என்று மனம் சொல்லிவிடும்.

ஆனால் பாதிக்குப் பாதி நேரம் அந்தப் பழி தப்பான இடத்தில் விழுகிறது. திக்கனரை மாற்றுவார்கள், விலை கூடின கிரேடுக்குப் போவார்கள், மஞ்சள் மட்டும் போகாது. அதனால் யார் கேட்டாலும் நான் முதலில் திரும்பக் கேட்பது இரண்டே விஷயம்: மஞ்சள் எப்போது வந்தது, பாட்டிலில் எந்த இடத்தில் வந்தது?

எப்போது என்பதிலிருந்து ஆரம்பிக்கலாம். கலக்கி முடித்த அன்றைக்கே நிறம் இருந்தால் அது மூலப்பொருளோடு வந்த நிறம். அன்றைக்குத் தெளிவாக இருந்து, வாரங்கள் கழித்து மாறினால் அது ஜெல்லுக்குள் நடக்கும் வேதிவினை. இரண்டுக்கும் வைத்தியம் வேறு. மூலப்பொருளோடு வந்த நிறத்துக்கு ஆன்டிஆக்ஸிடன்ட் போட்டு ஒரு பயனும் இல்லை. பின்னால் வந்த நிறத்துக்கு விலை உயர்ந்த கிரேடு வாங்கியும் பயனில்லை.

பிறவி நிறத்தில் திக்கனர் நிஜமாகவே குற்றவாளியாக இருக்கலாம். அதில் முதலில் நிற்பது சாந்தன் கம். தூளை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தாலே தெரியும், அது வெள்ளை இல்லை, கிரீம் நிறம். முட்டைக்கோசுக்குக் கருப்பழுகல் நோய் கொண்டுவரும் சாந்தோமோனாஸ் கேம்பெஸ்ட்ரிஸ் என்ற பாக்டீரியா சர்க்கரையைத் தின்று உண்டாக்கும் பிசின் இது. 1950-களில் அமெரிக்க வேளாண்துறையின் பியோரியா ஆய்வகத்தில் கண்டெடுத்தார்கள். 1969-இல் அந்த நாட்டில் உணவில் சேர்க்க அனுமதி கிடைத்தது. சாஸிலும் சாலட் டிரெஸ்ஸிங்கிலும் போடுகிற பொருளுக்குத் தெளிவைப் பற்றி யாருக்குக் கவலை? நொதித்த கரைசலைச் சூடாக்கி, ஆல்கஹாலில் பிசினைத் திரியவைத்து, உலர்த்தி அரைத்தால் முடிந்தது. செத்த பாக்டீரியாவின் மிச்சமும் கொஞ்சம் புரதமும் தூளோடு தங்கிவிடும். உலர்த்தும் சூட்டில் சர்க்கரையும் புரதமும் சேர்ந்து லேசாகப் பழுப்பேறவும் செய்யும். இந்தச் சாதா கிரேடை 1 சதவீதம் போட்டால் மங்கலான, வெளிர்மஞ்சள் ஜெல்தான் வரும். அதில் விற்றவரின் ஏமாற்று எதுவும் இல்லை, பொருளின் சுபாவமே அதுதான். அந்த மிச்சங்களை என்சைமாலோ வடிகட்டியோ நீக்கின 'கிளியர்' கிரேடு தனியாக இருக்கிறது, விலையும் தனி.

நிறத்திலும் கலங்கலிலும் கொத்தவரைப் பிசின் இன்னும் ஒரு படி மோசம். நாம் பொரியல் செய்கிற அதே கொத்தவரங்காயின் விதையிலிருந்து எடுப்பது, உலகத்துக்குப் போவதில் பெரும்பங்கு ராஜஸ்தான் பக்கம் விளைவது. உமியும் முளைப்பகுதியின் புரதமும் கொஞ்சமாவது கூட வந்துவிடும். தெளிவு வேண்டும் என்றால் சாதாரண கொத்தவரைப் பிசினைத் தொடவே வேண்டாம். 'இயற்கை' என்று லேபிளில் போட ஆசைப்படுகிறவர்கள்தான் கண்ணாடித் தெளிவையும் கேட்கிறார்கள் என்பது இந்தத் தொழிலின் நிரந்தர வேடிக்கை. மரஞ்செடியிலிருந்து வந்த பிசின் மரஞ்செடியின் நிறத்தோடுதான் வரும்.

சில நேரம் ஜெல்லில் நிறமே இருக்காது, ஆனாலும் மஞ்சளாகத் தெரியும். மிக நுண்ணிய துகள்கள் மிதந்தால் அவை நீல ஒளியை அதிகமாகச் சிதறடிக்கும். ஊடுருவி நம் கண்ணுக்கு வருவது மஞ்சள் பக்கம் சாய்ந்த மிச்ச ஒளி. சோதித்துப் பார்ப்பது சுலபம். பாட்டிலைக் கறுப்பு அட்டைக்கு முன்னால் வைத்துப் பக்கவாட்டிலிருந்து டார்ச் அடியுங்கள். நீலம் கலந்த புகைபோலத் தெரிந்தால் அது கலங்கல். எந்தப் பக்கம் வைத்தாலும் மஞ்சள் என்றால்தான் நிஜ நிறம். கலங்கலுக்குப் பெரும்பாலும் காரணம் சரியாகக் கரையாத வாசனை எண்ணெய், அல்லது முழுசாக ஊறாத திக்கனர். இங்கே ஒரு பொறியும் உண்டு: வாசனையைக் கரைக்க என்று பாலிசார்பேட் 80-ஐ அள்ளிப் போடுவார்கள். அதுவே மஞ்சள் திரவம். கலங்கல் போய் நிஜ மஞ்சள் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இன்னொன்று, டோனர் போன்ற தண்ணீர்ப் பதத்தில் தூசியோ கரையாத துகளோ இருந்தால் இரண்டு நாளில் அடியில் படிந்துவிடும், வடிகட்டிவிடலாம். ஜெல்லில் எதுவும் படியாது, எது எங்கே இருந்ததோ அங்கேயே தொங்கும். கெட்டியான பிறகு வடிகட்டவும் முடியாது. அதனால் மற்ற சாறு, தூள் எல்லாம் கரைந்த நீரை முதலில் வடிகட்டிவிட்டு, அப்புறம் திக்கனருக்கு வாருங்கள். இந்த ஒரு வரிசை மாற்றத்திலேயே பாதிப் புகார் தீர்ந்த இடங்களைப் பார்த்திருக்கிறேன்.

சரி, கார்போமருக்கு வருவோம். இது செயற்கைப் பாலிமர், பஞ்சுபோன்ற வெள்ளைத் தூள். தண்ணீரில் ஊறும்போது பிஹெச் 3 பக்கத்தில் லேசான மங்கலாக, கொழகொழவென்று இருக்கும். காரம் சேர்த்துப் பிஹெச் 6 தாண்டியதும் சட்டென்று கெட்டியாகித் தெளியும். ஹைட்ராக்ஸிஎத்தில் செல்லுலோஸ் என்ற இன்னொரு திக்கனரும் பெரும்பாலும் நிறமில்லாமல்தான் நிற்கும். இந்த இரண்டிலும் மஞ்சள் வந்தால் நான் திக்கனரை கடைசியில்தான் பார்ப்பேன்.

ஈரோட்டிலிருந்து ஒரு அம்மா கார்போமர் ஃபேஸ் ஜெல் செய்கிறார். ஜெல் மஞ்சளடிக்கிறது என்று கடை கடையாக மாறி கார்போமர் வாங்கிக்கொண்டிருந்தார். "எந்தக் கடையில வாங்கினாலும் இதே கதைதானுங்க சார், எல்லாருமே கலப்படம் பண்றாங்க போல" என்றார். எல்லாக் கடைச் சரக்கிலும் ஒரே மாதிரி வருகிறது என்றால் கடை காரணமில்லை. அவர் ஷெட்டில் மாறாமல் இருப்பது எது என்று பார்க்கவேண்டும். ஃபார்முலாவில் இருப்பதை ஒவ்வொன்றாக வெள்ளைத் தாள் மேல் வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். கார்போமர் வெள்ளை. கிளிசரின் தெளிவு. நியாசினமைடு வெள்ளை. கார்போமரைக் கெட்டியாக்கச் சேர்க்கும் காரம், ட்ரைஎத்தனாலமைன், அந்தப் பாட்டில் மட்டும் தேன்நிறம்.

"வாங்கும்போதே இப்படித்தான் இருந்துதுங்களே, அதோட கலரே அதுதான்னு நெனச்சேன்" என்றார். ட்ரைஎத்தனாலமைன் நல்ல நிலையில் நிறமற்றது, மிஞ்சிப்போனால் வெளிர்மஞ்சள். காற்றும் வெளிச்சமும் பட்டால் பழுப்பாகிக்கொண்டே போகும். பெரிய டிரம்மிலிருந்து சில்லறையாக ஊற்றித் தருவதில் அது எத்தனை முறை திறந்து மூடப்பட்டதோ. அவர் அதைத் தெளிவான பெட் பாட்டிலில் ஜன்னல் ஓரம் வேறு வைத்திருந்தார். இங்கேதான் ஒரு கணக்கைக் கவனிக்கவேண்டும். ஒரு பங்கு கார்போமரை நடுநிலையாக்க ஏறக்குறைய ஒன்றரைப் பங்கு ட்ரைஎத்தனாலமைன் வேண்டும். 0.5 சதவீதம் கார்போமர் போட்டால் 0.75 சதவீதம் ட்ரைஎத்தனாலமைன். அதாவது சந்தேகப்பட்ட பொருளைவிட, யாரும் சந்தேகப்படாத பொருள்தான் ஜெல்லில் அதிகம்.

சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலுக்கு மாற்றச் சொன்னேன். சொட்டுச் சொட்டாக விட்டு, பிஹெச் பார்த்துக்கொண்டே போகவேண்டும், கை கொஞ்சம் தவறினாலும் பிஹெச் எகிறிவிடும். மற்றபடி நிறப் பிரச்சினை இல்லாத காரம். ஜெல் தெளிவாகவே வந்தது. ஒரு மாதம் போல ஆனதும் திரும்ப அழைப்பு, மறுபடியும் மஞ்சள். ஆனால் இந்த முறை வேறு மாதிரி: கடையில் கண்ணாடி ஷோகேஸில் வைத்த பாட்டில்களில் மட்டும், அதுவும் வெயில் படும் பக்கத்தில் மட்டும். அட்டைப்பெட்டிக்குள் இருந்த பாட்டில்கள் தெளிவாகவே இருந்தன. வாசனையின் பெயரைக் கேட்டேன். லாவெண்டர் வெனிலா. வெனிலின் இருக்கும் வாசனை வெளிச்சத்திலும் காரத்திலும் பழுப்பாகும் என்பது சோப்பு செய்கிற எல்லோருக்கும் தெரியும். வெனிலா சோப்பு நாளாக நாளாகச் சாக்லேட் நிறத்துக்குப் போவது அதனால்தான். சோப்பில் அதை அழகு என்று விற்றுவிடலாம், தெளிவான ஜெல்லில் முடியாது. வெனிலா இல்லாத வாசனைக்கு மாறினார்.

போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னேன். அவர் பிரிசர்வேட்டிவாகப் பொட்டாசியம் சார்பேட் போட்டுக்கொண்டிருந்தார். நடுநிலையாக்கிய கார்போமர் ஜெல்லில் அது இரண்டு வகையில் நஷ்டம். பிஹெச் 6-க்கு மேல் அது கிருமியைத் தடுக்கும் வேலையை ஏறக்குறைய விட்டுவிடும். ஆனால் ஆக்ஸிஜனோடு சேர்ந்து மஞ்சளாகும் வேலையை மட்டும் விடாது.

ஆக, 'எங்கே' என்ற கேள்விக்கு எவ்வளவு பலன் பாருங்கள். பாட்டிலில் ஒரு பக்கம் மட்டும் மஞ்சள் என்றால் வெளிச்சம். மேல்பரப்பில், மூடிக்குக் கீழே காற்று நிற்கும் இடத்தில் ஆரம்பித்து இறங்கினால் ஆக்ஸிஜன். பம்ப் அடித்ததும் முதலில் வரும் ஒரு சொட்டு மட்டும் துருநிறத்தில் வந்தால் பம்புக்குள் இருக்கும் ஸ்பிரிங்கைப் பாருங்கள். மலிவான பம்புகளில் ஜெல் அந்த உலோகச் சுருளைத் தொட்டுக்கொண்டுதான் வெளியே வருகிறது. முழு பாட்டிலும் ஒரே சீராக மஞ்சள் என்றால் மூலப்பொருள், அல்லது சூடு. கார்போமர் ஜெல் மஞ்சளாகிக்கொண்டே இளகவும் செய்தால் வெளிச்சமும் இரும்பும் கூட்டுச் சேர்ந்திருக்கின்றன. சூரிய ஒளியில் கார்போமர் உடையும், துளி இரும்பு இருந்தால் அது வேகமெடுக்கும்.

இரும்புதான் இந்தத் தொழிலின் கண்ணுக்குத் தெரியாத எதிரி. நெல்லிக்காயையும் கடுக்காயையும் இரும்புச் சட்டியில் போட்டுக் கறுப்பாக்கித் தலைக்குத் தடவிய ஊர் நம்முடையது, எனவே இரும்பும் துவர்ப்பும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று யாருக்கும் பாடம் எடுக்கத் தேவையில்லை. அதே வினை ஜெல்லுக்குள் துளி அளவில் நடக்கிறது. நெல்லிச் சாறோ கிரீன் டீ சாறோ இருந்தால் சாம்பலும் நீலக்கறுப்பும். சாலிசிலிக் ஆசிட் இருந்தால் ஊதா, குறைவாக இருந்தால் இளஞ்சிவப்பு. கோஜிக் ஆசிட் இருந்தால் ஆரஞ்சு. நிறத்தைச் சொன்னால் ஃபார்முலாவில் என்ன இருக்கிறது என்று ஓரளவு ஊகித்துவிடலாம். வைட்டமின் சி மட்டும் தனி ரகம். இரும்பு இருந்தால் சீக்கிரம், இல்லாவிட்டால் கொஞ்சம் மெதுவாக, தண்ணீரில் கரைந்த அஸ்கார்பிக் ஆசிட் மஞ்சளாகியே தீரும். அதைத் தெளிவான ஜெல்லில் போட்டுவிட்டுத் திக்கனரைத் திட்டுவதில் அர்த்தமில்லை.

இரும்பு எங்கிருந்து வருகிறது? முதலில் தண்ணீர். ஒரு லிட்டரில் 0.3 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு இருந்தாலே துவைத்த வெள்ளைத் துணியில் கறை பிடிக்கும் என்பார்கள். போர் தண்ணீர் பிடிக்கும் பக்கெட்டில் காவி படிகிற ஊர்களில் நிலைமை என்ன என்று சொல்லவேண்டியதில்லை. ஆர்ஓ போட்டிருக்கிறோம் என்பார்கள். ஆர்ஓ தண்ணீரைச் சேர்த்துவைக்கும் தொட்டி எது, குழாய் எது என்று கேட்டால் பழைய ஜிஐ இரும்பு பைப் வெளியே வரும். டிஎம் வாட்டரும் (தாதுக்கள் நீக்கிய தண்ணீர்) பிளாஸ்டிக் கேனும் இருந்தால் அந்தப் பக்கம் கவலை விட்டது. அடுத்தது கலக்கும் தடி, பிளேடு. ஸ்டெயின்லெஸ் என்று வாங்கியதில் வெல்டிங் வைத்த இடம் துருவேறியிருப்பதைத் தடவிப் பார்த்தால் தெரியும். கார்போமரின் பிஹெச் 3 நீர் இரவெல்லாம் அந்த வெல்டிங்கைத் தொட்டுக்கொண்டு ஊறினால் காலையில் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

ஷாம்பு செய்கிறவர்களுக்கு இன்னொரு வாசல் இருக்கிறது, அது உப்பு. எஸ்எல்இஎஸ் என்ற நுரைப்பொருள் போட்ட ஷாம்புவை உப்பு போட்டுக் கெட்டியாக்குவது எல்லோரும் செய்வதுதான். ஒரு அளவு வரை போடப் போடக் கெட்டியாகும், அளவு தாண்டினால் திரும்ப நீர்த்துப்போகும். அந்த உப்பைச் சமையலறையிலிருந்து எடுத்தால்தான் வம்பு. நம் ஊரில் அயோடினோடு இரும்புச் சத்தும் சேர்த்த இரட்டைச் செறிவூட்டிய உப்பு கிடைக்கிறது. ரத்தசோகைக்கு நல்லது, சாம்பாருக்கு நல்லது, தெளிவான ஷாம்புவுக்கு மட்டும் ஆகாது. இரும்பைக் காசு கொடுத்து வாங்கிப் போட்டது போலாகிவிடும். கல் உப்பில் கால்சியமும் மெக்னீசியமும் மண்ணும் இருக்கும், அது கலங்கலில் கொண்டுபோய் விடும். ஆய்வகத் தரத்தில் சோடியம் குளோரைடு என்று கேட்டே வாங்குங்கள். ஒரு பேட்ச்சுக்கு ஆகும் கூடுதல் செலவு டீச்செலவுக்குக் கூட வராது.

குற்றவாளியை உறுதியாகப் பிடிக்கும் வழி சலிப்பானது, ஆனால் தப்பாது. ஒரே அளவு, ஒரே உயரம் உள்ள கண்ணாடிக் குழாய்கள் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் குழாயில் தண்ணீரும் திக்கனரும் மட்டும். இரண்டாவதில் அதோடு நடுநிலையாக்கி. மூன்றாவதில் பிரிசர்வேட்டிவ், அப்புறம் ஆக்டிவ் (தோலில் வேலை செய்யும் பொருள்), கடைசியில் வாசனை. ஒவ்வொரு குழாயிலும் ஒரு பொருள் கூடிக்கொண்டே போகவேண்டும். இதே வரிசை இன்னொன்று, டிஎம் வாட்டருக்குப் பதில் உங்கள் வழக்கமான தண்ணீரில். எல்லாவற்றையும் வெள்ளைத் தாள் மேல் செங்குத்தாக நிறுத்தி, பக்கவாட்டில் பார்க்காமல் மேலிருந்து கீழாக எட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் ஒளி கடப்பது குழாயின் விட்டம் மட்டும், மேலிருந்து பார்த்தால் முழு உயரமும். விரல் தடிப்பில் தெரியாத மஞ்சள் சாண் உயரத்தில் பளிச்சென்று தெரியும். எந்தக் குழாயில் நிறம் முதன்முதலாக எட்டிப் பார்க்கிறதோ அங்கே இருக்கிறது விஷயம். சிறிய சாம்பிள் டப்பாவில் தெளிவாக இருந்த அதே ஜெல், பெரிய பாட்டிலில் ஊற்றியதும் மஞ்சளாகத் தெரிவதற்கும் காரணம் இந்த ஆழக் கணக்குதான். ஜெல் மாறவில்லை, ஒளி கடக்கும் தூரம் கூடியிருக்கிறது.

அதே குழாய்களில் ஒரு செட் ஃபிரிட்ஜில், ஒரு செட் ஜன்னலில், ஒரு செட் 45 டிகிரி சூட்டில் இருக்கட்டும். அந்தச் சூட்டில் நிற்கும் ஓவன் இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். வேலூரிலும் கரூரிலும் சித்திரை மாதத்து வெயிலே நாற்பதைத் தொடும். வெளிநாட்டு ஃபார்முலாவில் 'அறை வெப்பநிலையில் நிலைத்திருக்கும்' என்று எழுதியிருப்பதை நம் ஊருக்கு அப்படியே நம்பிவிடக் கூடாது என்பதற்கும் அதுதான் காரணம்.

தடுப்பு வழிகள் அதிகம் இல்லை. இரும்பைப் பிடித்துக் கட்டிவைக்கும் டைசோடியம் இடிடிஏ 0.1 சதவீதம், அதுவும் தண்ணீரில் முதல் பொருளாக. கடைசியில் தூவினால் இரும்பு அதற்குள் தன் வேலையைக் காட்டியிருக்கும். தெளிவான பாட்டில்தான் வேண்டும் என்றால் பென்சோபினோன்-4 போல ஒரு புறஊதா உறிஞ்சி, 0.05 முதல் 0.1 சதவீதம். அது தோலைக் காக்க அல்ல, பொருளைக் காக்க. கடைசி உபாயம், வெள்ளை வேட்டிக்கு நீலம் போடுகிற அதே வித்தை: மிக மிகக் கொஞ்சமாக ஊதாச் சாயம் விட்டால் மஞ்சள் கண்ணுக்கு மறையும். பெரிய கம்பெனிகளும் செய்கின்றன, அழகுசாதனத்துக்கு அனுமதித்த சாயமாக இருந்தால் தப்பொன்றும் இல்லை. ஆனால் நிறம் நாளுக்கு நாள் கூடுகிற ஜெல்லில் இதைச் செய்தால் ஆரம்பத்தில் ஊதாவாகவும், நடுவில் சரியாகவும், கடைசியில் மங்கிய மஞ்சளாகவும் தெரியும். பிறவி மஞ்சளுக்கு மட்டும்தான் இந்த வித்தை.

கேட்கிறவர்களிடம் அம்பர் பாட்டிலுக்கு மாறுங்களேன் என்றும் சொல்லிப் பார்க்கிறேன். முக்கால்வாசிப் பேர் ஒத்துக்கொள்வதில்லை. ரீல்ஸில் தெளிவான ஜெல்தான் விற்கிறதாம்.

சாந்தன் கம்மை விடமுடியாது என்கிறவர்களுக்கு, வாங்கும் முன் ஒரு விஷயம். கிளியர் கிரேடுக்கு சப்ளையர் தரும் சான்றிதழில் 1 சதவீதக் கரைசலின் ஒளி ஊடுருவல் 85 சதவீதம் என்பது போல ஒரு எண் இருக்கும். பக்கத்தில் 600 நானோமீட்டர் என்று போட்டிருப்பார்கள். 600 என்பது ஆரஞ்சு ஒளி. அந்த ஒளி தடையில்லாமல் போகிறது என்றால் கலங்கல் குறைவு என்று அர்த்தம், அவ்வளவுதான். மஞ்சள் நிறம் விழுங்குவது நீல ஒளியை, அது 420 பக்கத்தில். 600-இல் பிரமாதமாகத் தேறிய தூள் கையில் மஞ்சள் ஜெல்லாக வந்து நிற்பது அதனால்தான். 420-இல் எவ்வளவு என்று கேளுங்கள். கொடுக்கிற சப்ளையர் குறைவு. கொடுக்காவிட்டால் ஐம்பது கிராம் சாம்பிள் வாங்கி, டிஎம் வாட்டரில் 1 சதவீதம் கலக்கி, ஒரு இரவு ஊறவிட்டு, அந்த நீளக் குழாயில் ஊற்றி மேலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு ஆர்டர் கொடுங்கள்.